யார் சொன்னால் திறப்பீர்கள்?

பிப்ரவரி 6

வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் நன்றாக இருக்கிறோம். உன் வயிற்று எரிச்சல் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கோப்புகளைத் தின்றே பசியாறுகிறாயா?

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்பாய். உன் போனை எடுக்கிறவர்கள் எல்லாம் "மினிஸ்டர் மீட்டிங்ல இருக்கார்மா" என்கிறார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டு என் இடுப்பில் உட்கார்ந்திருந்தவன் இன்று சுகாதார அமைச்சர். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடப்பிறந்தவனிடம் பேசுவதற்கு வரிசையில் நிற்க என்னால் ஆகாது.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நீ திறக்கப்போகும் குழந்தைகள் கட்டடம் எழும்பி முடிந்துவிட்டது. அம்மாடி, என்ன கட்டடம்! வாசலில் நின்று அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஜன்னல்களுக்குத் திரை தைக்கும் வேலை எங்கள் தையல் அறைக்குத்தான் வந்திருக்கிறது. அளவெடுக்கிறேன் என்ற சாக்கில் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டேன்.

நேற்று பழைய கட்டடத்தில், நாள் ஆகுமுன்னே பிறந்த குழந்தைகள் இருக்கிற வார்டுக்குத் துணி கொடுக்கப் போனேன். 'வார்மர்' என்று சொல்கிற தொட்டில். மேலே சூடு தருகிற விளக்கு. அதன் கீழே என் கை நீளம்கூட இல்லாத ஒன்று கிடக்கிறது. நெஞ்சுக்கூடு தீப்பெட்டி அளவுதான். அது பாட்டுக்கு ஏறுகிறது, இறங்குகிறது. விட்டுவிடுவேனா பார் என்று அது மூச்சு விடுகிற பிடிவாதத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். "என்னம்மா, இத்தனை வருஷமாப் பாக்குறீங்க, இன்னும் வாயைப் பிளந்துட்டு நிக்கிறீங்களே" என்று பெரிய சிஸ்டர் சிரித்தார். என்ன செய்ய, எனக்கு அந்த ஆச்சரியம் தீர மாட்டேன் என்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். புதுக் கட்டடத்துக்கு வாங்கிய வார்மர்கள் இன்னும் வந்து சேரவில்லையாம். கரண்ட் இணைப்பும் பாதியில் நிற்கிறதாம். விழாவுக்குள் வந்துவிடுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆசியில் சுகம். வயிறு மட்டும் எரிகிறது. அது பதவியோடு சேர்ந்து வந்த சொத்து. அத்தான் இன்னும் ரேடியோவோடு சண்டை போடுகிறாரா? அவருக்கு என் வணக்கம்.

உனக்குப் புண்ணியமாகப் போகும், உறையின் மேல் 'வாலு' என்று எழுதாதே! அதைக் கொண்டுவந்து கொடுத்த அலுவலர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளே எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு.

கட்டடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரிய டாக்டரிடம் நானே பேசிவிட்டேன். கட்சித் தலைவரும் வருகிறார். நாம் பிறந்த ஆஸ்பத்திரி அது அக்கா. நான் திறக்கிற அன்று அது காலியாக இருந்தால் எனக்கு என்ன மரியாதை? எல்லாம் நிறைந்திருக்கும், நீயே பார்ப்பாய். முன்வரிசையில் உனக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வா.

மூட்டு வலிக்கு மாத்திரை அனுப்புகிறேன்.

உன் தம்பி


மார்ச் 2

வாலுக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ ரிப்பன் வெட்டிவிட்டுப் போன பிறகு நடந்தது உன் காதுக்கு எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். அன்று காலையில் பழைய வார்டிலிருந்த வார்மர்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதுக் கட்டடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். கரண்டே இல்லாத அறையில் வரிசையாக நிறுத்தினார்கள். நீயும் தலைவரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். மத்தியானத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று பெரிய சிஸ்டரிடம் சொல்லியிருந்தார்கள். விழா முடிந்ததும் இன்ஜினியர் கட்டடத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் விருந்துக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் மழை பிடித்தது. துணி போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். இருந்த கம்பளி, துண்டு, நான் தைத்து வைத்திருந்த திரைத் துணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று குழந்தைகளை ஒரே விளக்கின் கீழ் நெருக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். மற்றதுகளைத் தாய்மார்கள் நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய சிஸ்டர் இன்ஜினியரைக் கூப்பிட்டார், பெரிய டாக்டரைக் கூப்பிட்டார், உன் அலுவலகத்தைக் கூப்பிட்டார். எல்லோரும் விருந்தில். ஒருவர் போனையும் எடுக்கவில்லை.

குழந்தைகளின் அப்பாக்களில் ஒருவர் பூட்டுச் சாவி ரிப்பேர் செய்கிறவர், நம் பக்கத்துத் தெருவில் கடை. "விடுங்க சார், நான் திறந்துடறேன்" என்று காவலாளியிடம் கெஞ்சினார். "மினிஸ்டர் திறந்த கட்டடம்யா. மேலிடத்து வார்த்தை இல்லாம பூட்டைத் தொட்டா என் வேலை போயிடும்" என்று அவன் குறுக்கே நின்றான். கடைசியில் பெரிய சிஸ்டர் மழையில் நனைந்துகொண்டே வந்து, "நான் சொல்றேன், திறங்க. வர்றதை நான் பாத்துக்கறேன்" என்றார். சாவிக்காரர் திறக்க ஒரு நொடிதான் ஆயிற்று.

அதற்குள் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஒன்று அந்தச் சாவிக்காரருடையது.

இப்போது பெரிய சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குற்றம் என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் அரசுக் கட்டடத்தின் பூட்டை உடைத்தது.

வார்மர்களை எடுக்கச் சொன்னது யார்? எனக்கு ஒரு பெயர் போதும். எழுது.

மாத்திரை வந்தது. நீயும் உடம்பைக் கவனி.

அக்கா


மார்ச் 20

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் நலமுடன் இருக்க மாண்புமிகு அமைச்சர் விழைகிறார்.

தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. அதில் கண்டுள்ள பொருள் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கும் பொருட்டு, தாங்கள் குறிப்பிட்டுள்ள மருத்துவமனைக்கே அது அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. இதன் மீது இனி வரும் மனுக்களையும் அங்கேயே அளிக்கலாம்.

வாழ்த்துகளுடன்,
அமைச்சருக்காக, நேர்முக உதவியாளர்


மார்ச் 27

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

மனுதாரர் எழுதிக்கொள்வது. மனுதாரரும் மனுதாரரின் புருஷனும் நலம். தாங்கள் சிறுவயதில் கிழித்துக்கொண்டு வந்த டிராயரையெல்லாம் ஒட்டுப் போட்ட வகையிலும் மனுதாரருக்குச் சில குறைகள் உண்டு. அவற்றையும் உரிய பிரிவுக்கு அனுப்பி வைக்கவும்.

அடேய், உனக்கு எழுதிய கடிதம் சுற்றிக்கொண்டு எங்கள் பெரிய டாக்டரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, "வேலை பாக்குற இடத்தைப் பத்தி வெளிய எழுதக் கூடாதும்மா" என்றார். யார் வீட்டு விஷயத்தை யாருக்கு எழுதினேன் என்று நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

நீ சட்டசபையில் பேசியதை ரேடியோவில் கேட்டோம். "ஒரு பணியாளரின் விதிமீறலே இந்த வருத்தத்துக்குரிய நிகழ்வுக்குக் காரணம்" என்றாய். தங்குதடை இல்லாமல் பேசினாய். அத்தான் வழக்கம்போலக் கத்துவார் என்று பார்த்தேன். எழுந்து ரேடியோவை அணைத்தார், வெளியே போய்விட்டார். அவர் சண்டை போடாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பணியாளர் இல்லாவிட்டால் இரண்டோடு நின்றிருக்காது. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

வயிற்றுக்கு மோர் குடி.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை அப்படி அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டேன். இனி உன் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? தையல் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தால் குறையாது. இங்கே ஒரு நல்ல எலும்பு மருத்துவர் இருக்கிறார். நீ வந்தால் நானே அழைத்துப் போகிறேன். முழங்காலுக்குக் கட்டுகிற பட்டை ஒன்று வந்திருக்கிறது, நடக்கும்போது பாரம் தெரியாதாம். படி ஏறுவதைக் குறைத்துக்கொள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறை வைக்க ஆள் அனுப்பட்டுமா? அத்தானின் காதுக்கும் ஒரு கருவி வாங்கலாம்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரிக்கப் போட்டிருக்கிறேன். அதற்குள் நான் எதுவும் சொல்வது முறையாகாது. சட்டப்படி பார்த்தால் பூட்டை உடைத்தது மீறல்தான் அக்கா. சபையில் நான் படித்தது எனக்கு எழுதிக் கொடுத்தது.

தூக்கம்தான் சரியாக இல்லை. மற்றபடி சுகம்.

உன் தம்பி


ஏப்ரல் 16

வாலுக்கு,

சுகமாக இரு.

என் முழங்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

நேற்று தையல் அறைக்கு அந்தச் சாவிக்காரரின் மனைவி வந்தாள். சின்னப் பெண். வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். "நீங்க அவரோட அக்காதானே?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டுவாள், அறைவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் கடையைத் திறக்கறதே இல்லைங்க. பூட்டைக் கையில எடுக்குறாரு, அப்படியே கீழ வெச்சுடறாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தது சாதாரணப் பூட்டு, கண்ணை மூடிட்டுத் திறப்பாரு. 'யார் சொன்னா திறப்பீங்க, யார் சொன்னா திறப்பீங்க'ன்னு அந்தக் காவல்காரர்கிட்டக் கேட்டுட்டே இருந்தாராம். அதையேதான் இப்பத் தூக்கத்துலயும் கேக்குறாரு" என்றாள்.

அப்புறம் என்ன கேட்டாள் தெரியுமா? "உங்க தம்பிக்கு வயிறு சரியில்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, இப்ப எப்படி இருக்கார்?"

பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள். "பதில் சொல்ல ஆள் வேணும்ல." சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் போன பிறகும் வெகுநேரம் நான் ஊசியில் நூலைக் கோக்கவில்லை. இப்படி ஒரு மனுஷி நம் பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறாள், இத்தனை நாளாக அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னையும் அத்தானையும் வணங்கி எழுதுகிறேன். பதில் எழுதாமல் இத்தனை நாள் விட்டதற்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்தப் பெண் எதிரே ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ராஜினாமா செய்யப் போகிறேன். தலைவரிடம் சொன்னேன். அவரும் சம்மதம்தான். "உடல்நலக் காரணம்னு போட்டுக்கோ, விசாரணை நாளுக்கு முன்னாடியே குடுத்துடு, கௌரவமா இருக்கும்" என்றார். கொஞ்ச நாள் கழித்து வேறு துறை தருவதாகவும் சொல்கிறார். பதவியில் இல்லாவிட்டால், விசாரணைக்கு என்னைக் கூப்பிடாமல் அவரே பார்த்துக்கொள்வாராம். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. நேற்று நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். நீயும் இதைத்தானே எதிர்பார்த்தாய்?

உன் தம்பி


மே 25

வாலுக்கு,

நாங்கள் நலம். நீ நன்றாகத் தூங்கியதில் சந்தோஷம். பெரிய சிஸ்டருக்கும் சாவிக்காரருக்கும் அந்தத் தூக்கம் இன்னும் வாய்க்கவில்லை.

கௌரவம், கௌரவம் என்கிறாயே, யாருக்கு? நீ வீட்டுக்குப் போய்விட்டால் அவர்கள் யாரைக் கேட்பார்கள்? காலி நாற்காலியையா? வேறு துறைக்குப் போய் இன்னொரு ரிப்பன் வெட்டுவாய். இங்கே பூட்டை உடைத்தவர் என்ற பேரோடு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார். பதவியை விடுவதாக இருந்தால் தாராளமாக விடு. ஆனால் வந்து, நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு விடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசாரணையில் பேசுவதற்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உடம்பு பத்திரம்.

அக்கா


ஜூன் 12

வாலுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? வயிற்றில் ஏதாவது போட்டாயா? வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட நம் வீட்டில் குடிக்காமல் போய்விட்டாய். போகட்டும், அன்று உன்னால் குடித்திருக்கவும் முடியாது.

நீ முன்னால் நின்றாய். உனக்கு நீதிபதியும் அந்தத் தாயும்தான் தெரிந்திருப்பார்கள். பின்னாலிருந்து பார்த்ததை நான் எழுதுகிறேன்.

விசாரணை நடந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் கண்டதில்லை. சமையல்காரர்கள், சலவைக்காரர்கள், டாக்டர்கள், நோயாளிகளே ஊன்றுகோலோடு வந்துவிட்டார்கள். நீ வருவாய் என்று ஒருத்தரும் நம்பவில்லை. "உடம்பு சரியில்லாமப் போயிருக்குமே" என்று என் பக்கத்தில் ஒருவன் கேலி பேசினான். நீ தனியாக உள்ளே நுழைந்தபோது அவன் வாய் அப்படியே நின்றது.

சாவிக்காரரின் மனைவி எழுந்தாள். கத்துவாள் என்று எல்லோரும் நினைத்தோம். "யார் சொன்னா திறந்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் சொல்லியிருந்தா திறந்திருப்பாங்கம்மா" என்றாய். "விருந்துல போனை அணைச்சு வெச்சிருந்தேன். சிஸ்டர் மேல தப்பே இல்லை. தொட்டிலை எடுத்து வைக்கச் சொன்னதும் நான்தான். கட்டடம் காலியாத் தெரிஞ்சா எனக்கு அவமானம்னு நினைச்சேன்."

பெரிய மனிதர்கள் பேசி நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 'நான்தான்' என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த சலவைக்காரப் பெரியவர், "இப்படியும் சொல்லுவாங்களா!" என்று என்னையே கேட்டார். பெரிய சிஸ்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் அழவில்லை. உன்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு உட்கார்ந்தாள். உன்னைவிட அவளைப் பார்த்துத்தான் நான் பிரமித்துப் போனேன். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை மாதம் காத்திருந்தாளே!

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். விழாவுக்குச் சில நாள் முன்னால், பெரிய டாக்டரின் அறைத் திரைக்கு அளவெடுக்க நான் நாற்காலி மேல் ஏறி நின்றபோது, அவர் ஸ்பீக்கரில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தார். "ஒரு இடம்கூடக் காலியாத் தெரியக் கூடாது, பழைய வார்டுல இருக்கறதை எடுத்து வைங்க" என்ற குரல் யாருடையது என்று எனக்கா தெரியாது? ஒரு மத்தியானத்துக்குத்தானே என்று நானும் இறங்கி வந்துவிட்டேன். நீயே சொல்ல வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ வந்திருக்காவிட்டால் அன்று நான் எழுந்து சொல்லியிருப்பேன். வளர்த்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிற வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். என்னை அதிலிருந்து காப்பாற்றினாய்.

பெரிய சிஸ்டர் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்.

சாப்பிடு. தூங்கு.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

என் நலத்தை நீ பேப்பரில் படித்திருப்பாய். நீயும் அத்தானும் சுகமா?

பதவியைப் பறித்துவிட்டார்கள், கட்சியிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். தலைவர் கடைசியாகக் கூப்பிட்டுப் பேசினார். "ரெண்டு குழந்தை போனதுக்கு உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே. நீ வாயைத் திறந்ததைத்தான் என்னால மன்னிக்க முடியாது" என்றார். இத்தனை வருஷம் இவர் பின்னால்தான் நடந்தேன் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழக்கு வரும். சொன்னதை வாபஸ் வாங்கிவிடலாம், மன உளைச்சலில் சொன்னது என்று எழுதித் தருகிறேன் என்கிறார் வக்கீல். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பெண் தலையை அசைத்த பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது?

அரசு வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று யோசித்தால் உன் வீடுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? நான் வந்தால் உனக்குச் சங்கடமா? மனதில் உள்ளதை எழுது.

உன் தம்பி


ஜூலை 6

வாலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அறையை ஒழித்து வைத்தாயிற்று. அத்தான் உனக்காக ரேடியோவைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். சண்டைக்கு ஆள் வருகிறதே என்று அவருக்குக் கொண்டாட்டம்.

வருவதற்கு என்னிடம் எதற்கடா அனுமதி? வா.

ஆனால் எப்படி வர வேண்டும் என்று சொல்கிறேன். பஸ் நிலையத்தின் பின்பக்கமாக வந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் நம் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படி வராதே. சாவிக் கடை இருக்கிற தெரு வழியாக வா. பகலில் வா, நடந்து வா. கடையைத் திறந்துவிட்டார்கள். அவர் வாசலில் உட்கார்ந்து வேலை செய்கிறார், அவளும் பக்கத்தில் இருக்கிறாள். உன்னை மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அவர்கள் ஏதாவது சொன்னால் நின்று கேட்டுக்கொள்.

நேற்று அவளிடம், "என் தம்பி இங்கேயே வந்துடப் போறான்மா" என்று சொன்னேன். "வரட்டுமே" என்றாள். நான் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டு, "இந்தப் பக்கமா வருவாரா?" என்று கேட்டாள்.

வருவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா